குளத்தை அளந்த பிறகே விதைக்கிறோம்

இலங்கையின் வடக்கே, வன்னியில், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுபோகம், அதாவது மழை குறைந்த காலத்துப் பயிர்ச்செய்கை, தொடங்குவதற்கு முன் ஒரு கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, விதைப்புக்குக் கடைசித் திகதி எது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். குளம் 36 அடிக்கு நிறைந்து நின்றாலும் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைத்துவிடாது. பங்கு போட்டுத்தான் விதைக்க வேண்டும். வாக்குவாதம் வரும். கோபித்துக்கொண்டு ஒருவர் எழுந்து போவார், பிறகு வந்து உட்காருவார். ஆனால் அளக்காமல் ஒருவரும் விதைப்பதில்லை.

நாடுகளின் உணவு முறைமைகளை மதிப்பிட்டு, அதன்படி கொள்கை வகுக்க வேண்டும் என்று இப்போது உலகெங்கும் பேசுகிறார்கள். 2021 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென ஒரு உச்சிமாநாட்டையே நடத்தியது. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரான்சின் விவசாய ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 50இற்கு மேற்பட்ட நாடுகளில் இத்தகைய மதிப்பீடுகளைச் செய்திருக்கின்றன. விளைச்சல் எத்தனை தொன் என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. மக்கள் உண்பது சத்துள்ளதா, பயிரிடுகிறவனுக்கும் மீன் பிடிக்கிறவனுக்கும் வருமானம் வருகிறதா, மண்ணும் நீரும் கெடுகின்றனவா, நாட்டின் ஒரு பகுதி தின்ன மறு பகுதி தேய்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிராந்தியச் சமநிலை என்று பெயர். அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. வன்னியில் பிறந்த எவருக்கும் நிறையும்.

அதே 2021 மே மாதத்தில்தான் எங்கள் நாட்டில் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடை செய்து வர்த்தமானி வந்தது. எந்த மண்ணுக்கு எவ்வளவு சேதனப் பசளை (இயற்கை உரம்) வேண்டும், அது எங்கே இருக்கிறது, மழைக்காலப் பயிரான காலபோகத்தின் விதைப்புக்கு முன் வந்து சேருமா என்று அளந்து பார்த்த பிறகு எடுத்த முடிவல்ல அது. நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். அதற்குள் விதைப்பு நடந்து, பயிர் மஞ்சளாகி நின்றது. எங்களுக்கு யூரியாத் தடை புதியதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் யூரியா வரவே முடியாது. பூவரசங்குழையும் மாட்டெருவும் போட்டு என் அப்பா வயல் செய்தார். அப்போது ஏக்கருக்கு எத்தனை மூடை குறைந்தது என்பது இங்குள்ள ஒவ்வொரு வயோதிபக் கமக்காரருக்கும் தெரியும். தடையை எழுதுவதற்கு முன் அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

மதிப்பீடு பிறகு வந்தது. 2022இல் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் கூட்டாக ஆய்வு செய்து, 63 இலட்சம் பேர், அதாவது சனத்தொகையில் ஏறத்தாழ 30 வீதமானோர், போதிய உணவின்றி இருக்கிறார்கள் என்று அறிவித்தன. அடுத்த ஆண்டு அது 39 இலட்சமாகக் குறைந்தது. வெளியிலிருந்து உதவி வருவதற்கு இந்த எண்கள் தேவைப்பட்டன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சிறிய நிறுவனத்துக்காகச் சில வாரங்கள் வினாக்கொத்துடன் வீடு வீடாகப் போனவன் நான். எண் எப்படிப் பிறக்கிறது என்று என் கண்ணால் பார்த்தேன்.

கடந்த 7 நாட்களில் என்ன உண்டீர்கள் என்று கேட்க வேண்டும். சோற்றுக்கு 2 புள்ளி, பருப்புக்கு 3, மீனுக்கும் இறைச்சிக்கும் 4, பாலுக்கு 4, மரக்கறிக்கு 1, எண்ணெய்க்கும் சீனிக்கும் அரை. எத்தனை நாள் உண்டார்களோ அத்தனையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். உலகம் முழுவதும் பயன்படுத்தும் முறை இது, நல்ல முறைதான். முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுடன் ஓர் அம்மா இருந்தார். கணவர் இல்லை. அந்த வாரம் இரண்டு நாள் குளத்து மீன் சமைத்திருந்தார். புள்ளி நன்றாகவே ஏறியது. வினாக்கொத்தை மூடிய பிறகு சும்மா கேட்டேன், மீன் நீங்களும் சாப்பிட்டீர்களா அம்மா என்று. "அது பிள்ளைகளுக்குத்தான் தம்பி, எனக்குச் சொதி காணும்" என்றார். அந்த வார்த்தையை எழுத என் கையில் இருந்த தாளில் கட்டம் இல்லை. நான் எழுதிக்கொடுத்த புள்ளி அந்த வீட்டுக்கு உரியது. அந்த வீட்டுக்குள் கடைசியாக உண்பவருக்கு உரியதல்ல. போரில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வன்னியில் இந்த ஒரு கேள்வி விடுபட்டுப்போவது சிறிய பிழை என்று என்னால் எண்ண முடியவில்லை.

அந்த அம்மாவின் வேலியில் முசுட்டைக் கீரைக்கொடி படர்ந்திருந்தது. காட்டோரத்தில் குறிஞ்சா இலை பறிப்பார். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் அதைத் தின்றே பகலைக் கழிப்பார்கள். எங்கள் உணவில் காட்டுக்கும் குளத்துக்கும் இருக்கும் பங்கைச் சந்தை விலையால் அளக்கவே முடியாது. ஆகவே காட்டுக்குள் ஆட்களைத் தடுக்கும் ஓர் எல்லைக்கல் நடும்போது, அதனால் எத்தனை கறிச்சட்டிகள் குறைந்தன என்று எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

இனி நெல்லுக்கு வருகிறேன். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தங்கள் தேவைக்கு மேல் நெல் விளைவிக்கும் மாவட்டங்கள். தேசிய வரைபடத்தில் அவை பச்சையாக இருக்கும். ஆனால் 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வு முல்லைத்தீவில் 44.5 வீதமானோர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்வதாகச் சொல்கிறது. நாட்டுக்கு 14.3, கொழும்புக்கு 2.3. நெல் மிஞ்சுகிற இடத்தில் வறுமை இப்படி இருப்பது ஏன் என்று மாசியில் ஒரு முறை வந்து பாருங்கள். அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறுவதற்கு முன்பே லொறி நிற்கும். உரக்கடைக் கடன், உழவுக் கூலி, அடகு வைத்த நகை எல்லாம் அன்றைக்கே கேட்கும். காயப்போடத் தளம் இல்லை, வைத்திருக்கக் களஞ்சியம் இல்லை. ஈர நெல் கேட்ட விலைக்குப் போய்விடும். 2025இல் ‘நாடு’ என்ற நெல் வகைக்குக் கிலோவுக்கு 120 ரூபா என்ற அரசின் உத்தரவாத விலை பெப்ரவரி 5ஆம் திகதி வந்தது. அறுவடை தொடங்கிய பிறகு வரும் விலை, விற்று முடித்தவனுக்கு என்ன செய்யும்? ஐப்பசி, கார்த்திகையில் அதே வீட்டுக்காரர் கடையில் பைக்கற் அரிசி வாங்குவார், அதுவும் கடனுக்கு. பங்குனியில் போய் 7 நாள் உணவைக் கேட்டால் அந்த வீடு நிறைந்த வீடு. கார்த்திகை மழையில் கேட்டால் வேறு வீடு. மதிப்பீட்டுக்காரர்கள் எந்த மாதத்தில் வருகிறார்கள் என்பதும் ஓர் அரசியல் முடிவுதான்.

எண்களைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2009இன் தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், வன்னிப் போர்ப்பகுதியில் எஞ்சியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று அரசு சொன்னது. உள்ளே அனுப்பப்படும் உணவும் மருந்தும் அந்த எண்ணைச் சுற்றியே தீர்மானிக்கப்பட்டன. முடிவில் முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் மூன்று இலட்சத்துக்குச் சற்றே குறைவு. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையிலும் இது பதிவாகியிருக்கிறது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில் நாங்கள் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்களாக இருந்தோம். தவறான எண் என்ன செய்யும் என்று எங்களுக்கு வேறு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த தேசிய மதிப்பீடு மாவட்டச் சராசரியோடு நின்றுவிடக் கூடாது. பெருங்குளத்தின் கீழ் இருப்பவனும், மானாவாரியில் வானம் பார்ப்பவனும், வாய்க்காலின் கடைவாயில் தண்ணீருக்குக் காத்திருப்பவனும், நந்திக்கடலில் வலை வீசுபவனும் ஒரே வரியில் எழுதப்படக் கூடாது. வருடத்தில் இரு முறையாவது கேட்க வேண்டும், அதில் ஒன்று கார்த்திகையாக இருக்க வேண்டும். வீட்டில் கடைசியாக உண்பவர் யார், அவர் தட்டில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி அந்தந்தக் கிராமத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும், பிழையிருந்தால் திருத்துவதற்கு.

எங்கள் கமக்காரர் அமைப்பில் ஒரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் யார் எத்தனை ஏக்கர் விதைத்தார், யாருக்குத் தண்ணீர் எட்டவில்லை, எந்த வெள்ளத்தில் எத்தனை ஏக்கர் அழிந்தது என்று எழுதி வருகிறோம். 2018 மார்கழி வெள்ளத்தின் பக்கங்களில் ஈரம் பட்ட மை இன்னும் தெரிகிறது. இதுவரை எந்த மதிப்பீட்டுக் குழுவும் அதைக் கேட்டு வந்ததில்லை. வந்தால் தருவோம். அடுத்த கூட்டத்துக்கு முன் அதைப் பிரதி எடுத்து மாவட்டச் செயலகத்தில் கையளிப்பது என்று கடந்த கிழமை முடிவெடுத்திருக்கிறோம்.