பேப்பர் போட்டவன் துரோகி இல்லை

ஒரு ஐடி கம்பெனி மேனேஜர் போட்ட பதிவு இரண்டு நாளாகச் சுற்றுகிறது. சேர்ந்து பத்தொன்பது மாதத்தில் பேப்பர் போட்ட, அதாவது ராஜினாமா கொடுத்த பையனை "ஆளாக்கிவிட்டோம், நன்றியில்லாமல் போகிறான்" என்கிறார். கீழே வரிசையாகத் தலையாட்டியிருக்கிறார்கள். என்னோடு நைட் ஷிப்ட் பார்த்தவர்களும் அதில் இருப்பதுதான் தாங்கவில்லை.

வேலையை விட மாதக் கணக்கு கிடையாது. செய்கிற வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை, வேறு புராஜெக்ட் கேட்டும் கிடைக்கவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான். அது பத்தொன்பதாவது மாதத்திலும் வரலாம், ஐந்தாம் வருடத்திலும் வரலாம்.

சென்னை சோழிங்கநல்லூரில் நான் சேர்ந்தது எல்1 சப்போர்ட்டில், அதாவது வருகிற புகாரை முதலில் எடுத்துப் பார்க்கிற வேலையில். ராத்திரி கேப் ஏறினால் விடியும்வரை டிக்கெட் என்கிற புகார்கள்தான், அதில் பாதி பாஸ்வேர்ட் ரீசெட். முதல் ஆறு மாதம் நிஜமாகவே கற்றேன். சர்வர் லாக் படிக்க வந்தது, போனில் கத்துகிறவரிடம் நிதானமாகப் பேச வந்தது. மூன்றாம் வருடம் ஒருநாள் ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தேன். முதல் வருடத்துக்கு நான்கு வரி எழுதினேன். இரண்டாம் வருடத்துக்கு அதே நான்கு வரியை வார்த்தை மாற்றிப் போட்டேன். மூன்றாம் வருடத்துக்கு எழுத ஒன்றுமே இல்லை, கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். "அடுத்த அப்ரைசல்ல டெவலப்மென்ட்டுக்கு மாத்திடலாம்பா" என்றார் டீம் லீட். நல்ல மனிதர்தான், ஆனால் அது அவர் கையில் இல்லை. இன்னொரு வருடம் போனது. அதன்பிறகு போன இன்டர்வியூவில் என் நான்கு வருடத்தை இரண்டு வருடமாகத்தான் எண்ணினார்கள்.

"ட்ரெய்னிங் கொடுத்தார்களே" என்பீர்கள். கொடுத்தார்கள், மூன்று மாதம். மீதி நாளெல்லாம் என் உழைப்புக்கு கிளையன்ட்டிடம் பில் போட்டார்கள். அந்தக் கடன் அங்கேயே தீர்ந்துவிட்டது. 2010 வாக்கில் புதிதாகச் சேர்கிறவருக்கு வருடத்துக்கு மூன்று, மூன்றேகால் லட்சம். இன்றைக்கும் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் அது மூன்றரையைச் சுற்றித்தான் நிற்கிறது. இடையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆர் ரோட்டில் ரூம் வாடகை எங்கே போயிருக்கிறது என்று அந்த மேனேஜருக்கும் தெரியும்.

"ஐந்து வருடம் இருந்தால் கிராஜுவிட்டி வரும்" என்று, வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடையைப் பற்றி ஒரு அண்ணன் அந்தப் பதிவின் கீழே எழுதியிருக்கிறார். கணக்குப் போடுங்கள் அண்ணே. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 43,000 சொச்சம். நல்ல இடத்துக்கு மாறினால் கிடைக்கிற சம்பள உயர்வில் சில மாதத்தில் அது வந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி தாவுகிறவர்களை நான் சொல்லவில்லை. கையில் ஆஃபர் இல்லாமல், வீட்டில் இஎம்ஐ ஓடும்போது கோபத்தில் பேப்பர் போடுவதையும் சொல்லவில்லை.

நன்றி என்ற வார்த்தைதான் என்னைக் குத்துகிறது. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் 26 வருடம் இருந்தார். வேறு இடத்தில் கூப்பிட்டபோது "சோறு போட்ட இடம்" என்று போகவில்லை. ஒருநாள் காலையில் கூப்பிட்டு விஆர்எஸ் என்கிற விருப்ப ஓய்வுப் பேப்பரை நீட்டினார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தார். அம்மா அதை வாங்கிக் கழுவக்கூடப் போகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அந்தக் கம்பெனியை நன்றியில்லாதது என்று யாரும் எழுதவில்லை. ஆள் குறைக்கும்போது அது பிசினஸ், ஆள் போகும்போது துரோகமா? புராஜெக்ட் எதுவும் தராமல் பெஞ்ச்சில் உட்காரவைத்து, பிறகு தானாகவே ராஜினாமா எழுதித் தரச் சொல்லி என் பேட்ச் ஆட்களை அனுப்பினார்களே, அப்போது எங்கே போயிருந்தது இந்த நன்றி?

தம்பி, நீ இதைப் படித்தால் சொல்கிறேன். வேலையிலிருந்து விடுவித்தோம் என்று கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டர் கைக்கு வராமல் விடாதே. பிஎஃப்பை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிவிடு, ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி கட்ட வேண்டிவரும். நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாளும் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், உன் இடத்துக்கு வருகிறவருக்கு எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லிக்கொடு. என் இடத்துக்கு வந்த பையனுக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் இரண்டாம் வருடமே டெவலப்மென்ட் வேலை கிடைத்துக் கிளம்பினான். முதல் போன் எனக்குத்தான் போட்டான்.