அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம், ஐயா

சனிக்கிழமை அறிவியல் கண்காட்சியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே வந்த பின்னூட்டங்களைப் படித்துத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் ஒன்பதாம் வகுப்பு மாணவி மூன்று வாரம் உழைத்துச் செய்த நிறமாலைமானியை (வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) அந்த நடுவர் கையில்கூட எடுக்கவில்லை. பேனா முனையால் பெட்டியைக் கொஞ்சம் தள்ளினார். ஓரத்தில் பழைய சி.டி. தெரிந்தது. "வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து வைத்தால் அறிவியலாகிவிடுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பரிசு வேறு பிள்ளைக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பிள்ளையும் உழைத்துத்தான் இருக்கும். அவர் பார்க்காமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெட்டியில் ஒரு துளை இருக்கிறது. அதில் கண்ணை வைத்தால் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடியை ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்க முடியாதவர் ஏன் நடுவராக வர ஒப்புக்கொண்டார்?

அவர் எதைக் குப்பை என்றார் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒருவர் கடையை மூடியபோது ஒரு சாக்கு நிறைய சி.டி.க்களை என்னிடம் கொடுத்தார். கணினிப் பத்திரிகைகளோடு இலவச இணைப்பாக வந்தவை, இணைய இணைப்பு வாங்கச் சொல்லி விளம்பரத்துக்குக் கொடுத்தவை, பயிற்சி நிலையங்கள் அச்சடித்து வாசலில் நின்று விநியோகித்தவை. பலவற்றின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. யாரும் கேட்காமல் வந்து, யாரும் பார்க்காமல் கிடந்தவை. பழைய பேப்பர் கடையில் எடைக்குக்கூட எடுக்கவில்லை. எரித்துவிடலாம் என்றிருந்தவரைத் தடுத்து நான்தான் டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு வந்தேன். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அது. எரித்தால் அந்தப் புகை தெருப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். புதைத்தால் மக்காது.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமில்லை. அமெரிக்காவில் இணைய இணைப்பு விற்ற ஏ.ஓ.எல். நிறுவனம் 1990களில் வீடு வீடாக இப்படி அனுப்பித் தள்ளியது. முதலில் பிளாப்பி அனுப்பினார்கள். அதை மக்கள் அழித்து எழுதித் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிறகு சி.டி. வந்தது. அச்சாகி வரும் சி.டி.யை அழித்து எழுத முடியாது. ஒரு கட்டத்தில் உலகில் தயாரான சி.டி.க்களில் பாதியில் தங்கள் முத்திரைதான் இருந்தது என்று அந்த விளம்பரத்தை நடத்திய ஜான் பிராண்ட் என்ற அம்மையாரே பின்னாளில் சொன்னார். வெறுத்துப்போன கலிபோர்னியாக்காரர்கள் இருவர், பத்து லட்சம் சேர்த்து நிறுவனத்தின் வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டுவோம் என்று 2001இல் கிளம்பினார்கள். நான்கு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது.

சரி, என் சாக்குக்கு வருகிறேன். அதற்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். அந்த வருடம் மக்காச்சோளம் போட்டிருந்தார். கிளித் தொல்லை தாங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் சி.டி. கட்டித் தொங்கவிட்டதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உன்னிடம் அந்த வட்டத் தட்டு இருக்குமே, நாலைந்து கொடு" என்று கேட்டார். நான் இருபது கொடுத்தேன். நைலான் கயிற்றில் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினார். காற்றில் சுழன்று வெயிலைத் திருப்பி அடித்ததில் முதல் வாரம் ஒரு கிளி அண்டவில்லை. இரண்டாவது வாரம் அதே கயிற்றின் மேல் கிளிகள் உட்கார்ந்திருந்தன. அப்பா சலித்துக்கொள்ளவில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றினார், உயரம் மாற்றினார். கதிர் முற்றும்வரை அப்படியே ஓட்டிவிட்டார்.

ஒருநாள் மாலை மோட்டார் அறைச் சுவரில் அந்தத் தட்டிலிருந்து வானவில் விழுந்தது. அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார். "தட்டு வெள்ளியாகத்தானே இருக்கிறது, இந்த நிறம் எங்கிருந்து வருகிறது?"

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். விளிம்பு விளைவு (ஒளி விளிம்புகளில் பட்டு வளைந்து பரவுவது), கீற்றணி (நெருக்கமான கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் தகடு) எல்லாம் ஒன்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். அப்பாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சூத்திரம் தெரியும், சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஒரு விவசாயி பார்த்துக் கேட்ட கேள்வியை, அத்தனை வருடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. கேட்கும்படி நான் எதையும் காட்டியதில்லை.

பிறகு அப்பாவுக்கு இப்படிச் சொன்னேன். இந்தத் தட்டில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு கோடு, கொசுவர்த்திச் சுருள்போலச் சுற்றிச் சுற்றிப் போகிறது. பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் 625இல் ஒரு பங்கு. உழவுசால் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்போது சிவப்பு ஒரு பக்கமாகவும் நீலம் ஒரு பக்கமாகவும் பிரிந்து போகும். அப்பா கேட்டுவிட்டு, "அப்படியானால் எல்லா வெளிச்சமும் இப்படித்தான் பிரியுமா? அடுப்பு வெளிச்சமும்?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்விதான் என் மாணவியின் பெட்டி.

ஷூ டப்பா ஒன்று. உள்ளே முழுக்கக் கறுப்புத் தாள். ஒரு முனையில் பிளேடை இரண்டாக உடைத்து விளிம்போடு விளிம்பு நெருக்கி ஒட்டிய பிளவு (பிளேடு வேலையை நான்தான் செய்து கொடுத்தேன்). மறுமுனையில் சாய்வாக ஒரு சி.டி. துண்டு, அதன் மேலே பார்க்கும் துளை. சி.டி.யைப் பச்சையாக வெட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தால் கத்தரிக்கோலுக்கு இணங்கும். இதைக் கண்டுபிடிக்க அவள் பதினோரு சி.டி.க்களை வீணாக்கினாள். நான் ஒருமுறைகூடத் திட்டவில்லை. சாக்கு நிறைய இருக்கும்போது எதற்குத் திட்ட வேண்டும்? விலை கொடுத்து வாங்கிய கீற்றணி என்றால் முதல் கீறலிலேயே நான் பிடுங்கி அலமாரியில் பூட்டியிருப்பேன். பிள்ளை தைரியமாகத் தப்பு செய்ய முடிந்ததே அது யாருக்கும் வேண்டாத பொருளாக இருந்ததால்தான். இதை அந்த நடுவருக்கு யார் சொல்வது?

அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் ஊர் முழுக்க வெளிச்சம் பார்த்தாள். குண்டு பல்பில் சிவப்பிலிருந்து ஊதாவரை அறுபடாத பட்டை. வகுப்பறை டியூப் லைட்டில் தனித்தனிக் கோடுகள். அதில் பளிச்சென்ற பச்சைக் கோடு குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியுடையது, அலைநீளம் 546 நானோமீட்டர். எல்.இ.டி.யில் நீலம் தூக்கலாக நின்று, அதற்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு மங்கல். அடுப்புச் சுடரில் அவள் அம்மாவை உப்புத் தூவச் சொல்லிப் பார்த்தபோது ஒற்றை மஞ்சள் கோடு. எல்லாவற்றையும் கலர் பென்சிலால் வரைந்து அட்டையில் ஒட்டியிருந்தாள். "எங்கள் வீட்டு உப்பில் சோடியம் இருப்பதை நான் பார்த்தேன்" என்று கீழே எழுதியிருந்தாள். பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாள், ஐயா. படித்தேன் என்று எழுதவில்லை. நீங்கள் அந்த அட்டையையும் படிக்கவில்லை.

எங்கள் பள்ளி மாடியிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் மலை தெரியும். அங்கே 1899இல் நிறுவிய சூரிய ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1909இல் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். எதை வைத்து? ஒளியைக் கோடுகளாகப் பிரித்து, அந்தக் கோடுகள் கொஞ்சம் நகர்ந்திருப்பதைப் பார்த்து. அதற்கும் முன்னால், 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் நிறமாலைமானியோடு வந்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோட்டிலிருந்துதான் ஹீலியம் என்ற தனிமம் உலகுக்குத் தெரிந்தது. அது பூமியில் அகப்பட்டது 1895இல். அவர்கள் செய்ததும் என் மாணவி செய்ததும் ஒரே வேலை. கருவியின் விலை வேறு.

இனி பின்னூட்டங்களுக்கு வருகிறேன்.

"இது இணையத்தில் ஆயிரம் பேர் செய்து காட்டியதுதானே" என்கிறார் ஒருவர். ஆமாம். தோசையும் ஆயிரம் பேர் சுட்டதுதான். பிள்ளை தன் கையால் சுட வேண்டாமா? அரவிந்த் குப்தா ஆயுள் முழுக்கத் தீக்குச்சியிலும் பழைய பொருட்களிலும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். 2018இல் இந்த நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

"சி.டி. வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்" என்று இன்னொருவர். உண்மை, போய்விடும். 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்தன்று காலையில் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகள் கையிலிருந்த சி.டி.க்களைப் பிடுங்கி வைத்தவள் நான். சி.டி. ஒருபோதும் கிரகணக் கண்ணாடி ஆகாது. பெட்டியின் மேல் "சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள்" என்று சிவப்பு மையில் அவளே எழுதியிருந்தாள்.

மூன்றாவது கேள்வி என்னைக் குத்தியது. கேட்டவர் எனக்கு வேண்டியவர். "அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு நல்ல கருவி கொடு என்று போராடாமல், குப்பையில் செய்ததைப் பெருமை பேசினால், குப்பையே போதும் என்று விட்டுவிட மாட்டார்களா?" என்கிறார். நேற்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் கருவி கேட்டு எழுதாத வருடம் கிடையாது. எங்களிடம் இருக்கும் ஒரே நிறமாலைமானி மேல்நிலை வகுப்புக்கு என்று கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அது வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இன்னும் பத்து வேண்டும். ஆனால் அது வரும்வரை இந்த நாற்பது பிள்ளைகள் காத்திருக்க முடியாதே! ஒன்பதாம் வகுப்பு ஒரு வருடம்தான். அந்த வருடம் போனால் அந்தப் பிள்ளை போய்விடும். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுக்கும், அல்லது மில்லுக்கு வேலைக்குப் போகும். அதற்குள் ஒருமுறையாவது அந்தப் பச்சைக் கோட்டை அது பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இது தவறு என்றால் தவறாகவே இருக்கட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். செம்பட்டி தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள். "டீச்சர், வெளியே ஜிகினாத் தாள் ஒட்டியிருந்தால் பார்த்திருப்பாரா?" என்றாள். அதற்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் அப்பா இருந்திருந்தால் அந்த மேசை முன்னால் அரை மணி நேரம் நின்றிருப்பார். துளையில் கண்ணை வைத்துவிட்டு எடுக்கவே மாட்டார். அவரைப் போன்ற ஒருவரை நடுவராகப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. எழுதும்போதே கண் கலங்குகிறது.

இன்று திங்கட்கிழமை. பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. காலையில் ஆறாம் வகுப்புப் பொடியன்கள் வரிசையில் நின்று ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் இரண்டு முறை வரிசையில் வந்தான்.

உங்கள் வீடுகளில் பழைய விளம்பர சி.டி.க்கள் இருந்தால் எரிக்காதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். திண்டுக்கல் சுற்றுவட்டாரம் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். டி.வி.டி. இருந்தால் தனியாகக் கட்டி வையுங்கள். அதில் கோடுகள் இன்னும் நெருக்கம், நிறங்கள் இன்னும் விரிந்து பிரியும். அதை அடுத்ததாகச் செய்து பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.