“ஒன்றுமில்லை” என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

சென்ற வாரம் இன்னொரு மருத்துவர் என் மருத்துவக் கோப்பை மூடி, மேசையின் குறுக்கே என் பக்கம் தள்ளிவிட்டு, “ஒண்ணுமில்லைம்மா, எல்லாம் நார்மலாத்தான் இருக்கு” என்றார். 14 மாதங்களாக என் இடது காது அடைத்துக்கொண்டிருக்கிறது. அதே பக்கத்துத் தாடை, கடைவாய்ப் பல்லில் தொடங்கி நெற்றிப்பொட்டு வரை இழுத்து வலிக்கிறது. இந்த வலியோடு, பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லி, டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தவளிடம் மூன்று நிமிடத்தில் சொல்லப்பட்ட சொல் “ஒண்ணுமில்லை”. அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

காது அடைப்பு என்றால் என்னவென்று புரியாதவர்கள் கொடைக்கானல் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் காது கும்மென்று அடைத்துக்கொள்ளும். பக்கத்து இருக்கைப் பேச்சு எங்கோ தொலைவில் கேட்கும். எச்சிலை விழுங்கினாலோ ஒரு கொட்டாவி விட்டாலோ ‘டப்’பென்று திறந்து, உலகம் மறுபடி பக்கத்தில் வந்துவிடும். எனக்கு அந்த ‘டப்’ 14 மாதங்களாக வரவில்லை. நான் மலையேறவும் இல்லை. சமவெளியில், என் வகுப்பறையில், கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். பாடம் நடத்தும்போது என் குரலே குடத்துக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல உள்ளேயே முழங்குகிறது. காலையில் எழுந்ததும் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாயைத் திறக்க முடிகிறது. ஆறாவது பாடவேளை முடியும்போது தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குத் திரும்புகிறேன். பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்கவில்லை. ஒரு முறுக்கை வாயில் போட்டு நமத்துப்போகும் வரை காத்திருந்து விழுங்கும் நிலைக்கு 41 வயதில் வந்திருக்கிறேன்.

முதலில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் குறும்பியை எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டாமவர் ஒவ்வாமை என்று சொல்லி மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயை மூன்று மாதத்துக்கு எழுதினார். கூடவே, தலைசுற்றலே இல்லாத எனக்குத் தலைசுற்றலுக்கான மாத்திரையையும் எழுதினார். அது எதற்கு என்று கேட்டதற்கு, “போட்டுப் பாருங்க” என்பதுதான் பதில். பல் மருத்துவர் ஒருவர் ஞானப்பல்லின் மீது பழியைப் போட்டார். அதையும் பிடுங்கியாயிற்று. பல் போனது, வலி போகவில்லை. பல்காரர் காதைக் கை காட்டுகிறார், காதுக்காரர் பல்லைக் கை காட்டுகிறார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டு விரற்கடை இடம் யாருடைய எல்லையிலும் வராத புறம்போக்கு நிலமாகக் கிடக்கிறது.

அந்த ‘நார்மல்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு எடுத்தவை இரண்டு பரிசோதனைகள். ஒன்றில், எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதில் விழுகிறது என்று பார்க்கிறார்கள்; 25 டெசிபலுக்குள் கேட்டுவிட்டால் சரி. எனக்குக் கேட்டது. இன்னொன்றில், காதுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் செவிப்பறை எப்படி அசைகிறது என்று அளக்கிறார்கள்; அதுவும் சரியாக இருந்தது. ஆகவே செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கவில்லை, கேட்கும் திறன் குறையவில்லை என்று தெரிந்தது. நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால், ‘ஏன் அடைத்திருப்பதுபோல இருக்கிறது, ஏன் தாடை வலிக்கிறது’ என்ற கேள்வியை அந்தக் கருவிகள் இரண்டிடமும் யாரும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதிலை வைத்துக்கொண்டு எனக்கு நோயே இல்லை என்பது, வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அடுக்களையில் எதுவும் தீயவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது.

பதினோராவது மாதத்தில், ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவில், என் மூத்த மாணவிகளின் வயதே இருக்கும் ஒரு பயிற்சி மருத்துவர் தன் ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் என் காதுகளுக்குச் சற்று முன்னால் வைத்து, “மெதுவா வாயைத் திறங்க மேடம்” என்றார். திறந்தேன். இடது பக்கம் ‘களுக்’கென்று ஒரு சத்தம், அவர் விரலுக்கும் தெரிந்தது, எனக்கும் கேட்டது. அங்கேயே லேசாக அழுத்தினார். வலியில் கண்ணீர் வந்துவிட்டது. அதற்கு ஆனது இரண்டு நிமிடம். கருவி இல்லை, கட்டணம் இல்லை, ஸ்கேன் இல்லை. அதற்கு முந்தைய பத்து மாதங்களில் ஒருவர்கூட அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தாடை மூட்டு இருப்பது காதுத் துளையை ஒட்டி, அதற்கு நேர் முன்னால். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல ஒரு சிறு தட்டு இருக்கிறது. அது இடம் பிசகினால் சத்தம் வரும், சிலருக்கு வலியும் வரும். மூளையிலிருந்து வரும் 12 இணை நரம்புகளில் ஐந்தாவதின் ஒரு கிளைதான் மெல்லும் தசைகளை இயக்குகிறது. செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் நுண்ணிய தசையையும், விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழலைத் திறந்துவிடும் அண்ணத் தசையையும் இயக்குவதும் அதே கிளைதான். தாடைக் கோளாறு உள்ளவர்களுக்குக் காது அடைப்பும் இரைச்சலும் இருப்பதை, 1934ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் கண்ட நோயாளிகள் இன்றும் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருத்தி.

அந்தப் பயிற்சி மருத்துவர் கடைசியில் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். “மூட்டுல பிரச்சினை இருக்கு மேடம். ஆனா காது அடைப்பு முழுக்க இதனாலதானான்னு எனக்கு உறுதியாத் தெரியலை” என்றார். 14 மாதங்களில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதையான வாக்கியம் அதுதான். ‘தெரியவில்லை’ என்றால் தேடல் இன்னும் முடியவில்லை என்று பொருள். ‘ஒன்றுமில்லை’ என்றாலோ, நான் பொய் சொல்கிறேன், அல்லது என் மனம் பொய் சொல்கிறது என்று பொருள். புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவருக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ‘தெரியவில்லை’ என்று சொல்வதற்கு ‘ஒன்றுமில்லை’ என்பதைவிட அதிக நேரம் ஆகாது.

வீட்டிலும் இதே கதைதான். பூண்டைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விடச் சொன்ன மாமியார் மீதாவது எனக்குக் கோபமில்லை. அவர் வலியை நம்பினார். “டென்ஷனைக் குறைங்க டீச்சர், தானா சரியாயிடும்” என்பவர்களைத்தான் தாங்க முடியவில்லை. மன அழுத்தத்தில் பல்லைக் கடிப்பவர்கள் உண்டு, அதனால் தாடைத் தசை இறுகுவதும் உண்மை. அப்படியென்றால் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு மருத்துவம் செய்யுங்கள். வாயை அடைப்பதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். இப்படி ‘ஒன்றுமில்லை’யையே கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், நாளை ஒரே நாளில் காது கேளாமல் போனாலும் ‘எப்போதும் இருப்பதுதானே’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் தாமதிக்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். அங்கே நாட்களைத் தவறவிட்டால் இழந்தது திரும்பாமலே போகலாம்.

இப்போது இரவில் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டு தூங்குகிறேன், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன், குழைந்த சாதம் சாப்பிடுகிறேன். தாடை ஓரளவுக்குத் தேவலை. காலையில் மூன்று விரல் நுழையும் நாட்களும் இருக்கின்றன. காது மட்டும் அப்படியேதான் அடைத்துக்கிடக்கிறது. சென்ற வாரம் அந்த மருத்துவரிடம் தாடை மூட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, “அது பல் டிபார்ட்மென்ட்” என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வரும் வியாழக்கிழமை மறுபடியும் வேறொருவரிடம் போகிறேன். என்றைக்கு ஆரம்பித்தது, எதைத் தின்றால் கூடுகிறது, எந்த மருந்து பலிக்கவில்லை என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கோப்பை மூட அவர் கை போகும்போது அதன் மேல் என் கையை வைத்து, “முதலில் இங்கே விரலை வைத்துப் பாருங்கள் டாக்டர்” என்று கேட்கப்போகிறேன்.