அஞ்சு ஆறா, ஆறு அஞ்சா?

ரயில் டிக்கெட்டில் தேதி போடுகிறவர்களுக்கு மை பஞ்சமா? 2025 ஏப்ரல் கடைசியில் தம்பிக்கு மதுரைக்கு டிக்கெட் போட்டேன். வந்த குறுஞ்செய்தியை அப்படியே அவனுக்குத் தள்ளிவிட்டேன்: 'டிஓஜே:05-06-25'. டிஓஜே என்றால் பயணத் தேதி. நமக்கு ஜூன் 5. அவன் மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்காவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், அவனுக்கு அது மே 6! முன்பெல்லாம் 120 நாள் முன்கூட்டி எடுக்கலாம், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். ஆனாலும் இரண்டு தேதியும் அதற்குள் அடங்கிவிட்டதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மே 6 ராத்திரி எழும்பூரில் ஏறிப் பார்த்தால், இவன் பெர்த்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். "ஏன் தம்பி, இது என் சீட்டுதானே?" என்று கேட்டதும் இவன் போனை நீட்டியிருக்கிறான். பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இது அடுத்த மாசம்ப்பா" என்றாராம்.

'ஜூன்' என்று எழுத இரண்டே எழுத்து. கூடவே 'வியாழன்' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? மெட்ராஸ் சென்னையாகி 1996 முதல் இத்தனை வருஷம் ஆகியும் டிக்கெட்டில் எழும்பூர் நிலையத்தின் குறியீடு இன்னும் 'எம்எஸ்', சென்ட்ரலுக்கு 'எம்ஏஎஸ்'. அதையே மனப்பாடம் செய்துவிட்டோம், சரி. நள்ளிரவு 00:10 வண்டி இன்னொரு கூத்து. 'இன்னிக்கு ராத்திரிதானே' என்று சாவகாசமாகக் கிளம்பினால், வண்டி நேற்று ராத்திரியே போயிருக்கும்.

தம்பி பெட்டியோடு திரும்பி வந்தான். நடு ராத்திரியில் அவனுக்குத் தோசை வார்த்தது நான்தான்.