ஒரொன்சேக்கு எந்நேரமும் நடந்து போக முடியாது

"கொலொன்சேயிலிருந்து பக்கத்து ஒரொன்சே தீவுக்கு மணல்வழியே எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், கால்கூட நனையாது" என்று சிலர் சொல்வது ஆபத்தான தகவல்.

ஸ்காட்லாந்தின் இந்த இரு தீவுகளுக்கும் நடுவிலுள்ள ஸ்ட்ராண்ட் மணல்வெளி, கடல் வற்றும்போது மட்டுமே திறக்கும். நீர் மிகத் தாழும் நேரத்துக்கு 2 மணி முன்னும் பின்னும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லா நாளும் அதை நம்பாதீர்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் நீர் நன்றாக இறங்கும். அஷ்டமியை ஒட்டி இறக்கம் குறைவு, அவகாசமும் சுருங்கும். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே புறப்படுங்கள். திரும்பும்போதுதான் பலர் ஏமாறுவார்கள்: ஏறும் நீர் முதல் மணியில் மெதுவாக வரும், மூன்றாம் மணியில் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். ஓத அட்டவணை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) கிரீன்விச் நேரத்தில் இருந்தால் கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். வற்றிய பிறகும் குட்டைகள் நிற்கும், ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

மணலைத் தாண்டியும் ஒரொன்சேயிலுள்ள மடாலயம் வரை நல்ல நடை உண்டு. 14-ஆம் நூற்றாண்டு மடாலயம், 1510-இல் இறந்த மடத்தலைவர் காலினின் சிலுவை, செதுக்கிய கல்லறைக் கற்கள் எல்லாம் நின்று பார்க்க வேண்டியவை, அரைமணி போதாது. நேரம் பொருந்தாத நாளில் கொலொன்சேயிலேயே வடக்கே உள்ள கிலொரன் கடற்கரைக்குப் போங்கள்.