மொய் நோட்டின் மீதிப் பக்கங்கள்

என் தங்கையின் கல்யாணத்துக்கு மொய் எழுத அப்பா வாங்கிய நீள நோட்டில் பாதிதான் நிரம்பியிருந்தது. மீதிப் பக்கங்களில் அவளுடைய விவாகரத்துச் செலவை நான் எழுதி வந்தேன். முன்பாதியில் சொந்தக்காரர்களின் பெயர், ஊர், தொகை. பின்பாதியில் வாய்தா தேதி, பஸ், ஜெராக்ஸ், வக்கீல் பீஸ். வழக்கு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தங்கையிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் கணக்கை அப்படியே தருகிறேன். பஸ், அம்மாவும் அவளும், போக வர 300. ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்கு ஆட்டோ 100. சாப்பாடு, டீ 180. ஜெராக்ஸ் 60. பள்ளிக்கூடத்தில் பிடித்த ஒரு நாள் சம்பளம் 500. வக்கீலுக்கு 1,000. கீழே ஒரு வரி: ‘எதிர்த்தரப்பு வரவில்லை, வாய்தா.’

இப்படி முப்பத்தொரு வாய்தா. அதில் பத்தொன்பதுக்கு வக்கீல் பணமும் சேர்ந்தது. வழக்கை எடுக்கும்போது கொடுத்த 25,000 ரூபாயைத்தான் விவாகரத்துச் செலவு என்று நாங்கள் நினைத்திருந்தோம். வாய்தாக்கள் மட்டும் தின்றது 54,340 ரூபாய். மனுவுக்கான கோர்ட் கட்டணம் இவற்றின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இந்தப் பணத்தில் பெரும்பகுதியைச் சட்டம் எங்களிடம் கேட்கவே இல்லை. எங்கள் கூச்சம்தான் கேட்டது. நான்கு வருடம் கணக்கு எழுதியவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

கல்யாணத்தின்போது இலைக்கு எவ்வளவு என்று சமையல்காரரிடம் அரை மணி நேரம் பேரம் பேசிய அப்பா, மண்டபத்துக் கரண்ட் பில்லில் தவறு கண்டுபிடித்த அப்பா, வக்கீல் முன்னால் வாய் திறக்கவில்லை. மொத்தம் எவ்வளவு ஆகும், வாய்தாவுக்குத் தனியாகத் தர வேண்டுமா, டைப்பிங் செலவு யாருடையது, ஜீவனாம்ச மனு போட்டால் அதற்கு வேறு பீஸா? எதையுமே கேட்கவில்லை. வீட்டுப் பெண் கோர்ட் வாசல் ஏறுகிறாளே என்ற வேதனையில் இருக்கும் மனிதருக்குப் பணத்தைப் பற்றிப் பேசுவது அசிங்கமாகப் பட்டது. கேளுங்கள். முதல் நாளே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நேர்மையான வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்தது ஊர். இந்து திருமணச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மனைவி தான் இப்போது குடியிருக்கும் இடத்துக்கு உட்பட்ட நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கோர்ட் இருக்கிறது. ‘இங்கே வேண்டாம், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்’ என்றார் அப்பா. அதனால் அவள் கணவனோடு வாழ்ந்த ஊரிலேயே வழக்குப் போட்டோம். நான்கு பேர் கண்ணில் படாமல் இருக்க, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ்ஸும் ஆட்டோவுமாக நானூறு ரூபாய்.

இலவச சட்ட உதவியும் அப்படித்தான் கைநழுவிப் போனது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு. பெண் என்பதே தகுதி, வருமான வரம்பு கிடையாது. இதை நான் சொன்னபோது என் பெரியப்பா, ‘இலவச வக்கீல் வைக்க நாம் என்ன கஞ்சிக்கு இல்லாதவர்களா?’ என்று கேட்டார். இரண்டு பவுனை விற்ற பிறகுதான் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கே நியமித்த வக்கீல் அம்மா, முதல் சந்திப்பிலேயே கட்டு முழுவதையும் படித்துவிட்டு, ‘இடைக்கால ஜீவனாம்சம் ஏன் இன்னும் கேட்கவில்லை?’ என்றார்.

ஏன் கேட்கவில்லை? ‘அவன் காசு நமக்கு எதற்கு?’ என்ற ரோஷம். அந்த ரோஷத்தின் விலை இரண்டு வருடப் பணம். ஜீவனாம்சத்தை மனு செய்த தேதியிலிருந்து தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவே போடாத மாதங்களுக்கு யாரிடம் போய்க் கேட்பது? வழக்குச் செலவையும் சேர்த்தே கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இடம் தருகிறது, வருமானம் இல்லாத கணவனுக்கும் கூட. அதே 2020 தீர்ப்பின்படி இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் முன்பே கையில் இருக்கட்டும். இல்லாத ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வாய்தா போகும்.

நகை விஷயத்தில் மட்டும் அப்பா எங்களைக் காப்பாற்றினார். மொய் நோட்டின் அட்டைக்குள் நகைக்கடை ரசீதுகளை ஒன்று விடாமல் மடித்து வைத்திருந்தார். எழுத்து மங்கியிருந்தாலும் எடையும் தேதியும் தெரிந்தன. ‘விட்டால் போதும், நகையை மறந்துவிடுங்கள்’ என்று சொன்ன உறவுகள் எத்தனையோ பேர். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய சொத்து. 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சமரச மையத்தில் அந்த ரசீதுகளை மேஜையில் பரப்பியதும் எதிர்த்தரப்பின் பேச்சே மாறியது. இருபத்தெட்டுப் பவுன் திரும்பி வந்தது.

அங்கேதான் வழக்கும் பரஸ்பர சம்மதத்துக்குத் திரும்பியது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லை, கொடுக்கல் வாங்கல் தீர்ந்துவிட்டது, நீண்ட காலம் பிரிந்திருக்கிறார்கள் என்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. எங்களுக்கும் தள்ளுபடி கிடைத்தது. முதல் வருடமே இதைப் பேசியிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. அடி உதை இருக்கும் வீட்டில் முதலில் சமரசம் பேசுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு, தங்குமிடம், பணம் மூன்றையும் அதில் கேட்கலாம்.

கூட்டாக வாங்கிய வீட்டுக் கடன் இருந்தால் தீர்ப்புக்கு முன்பே வங்கியில் பேசிவிடுங்கள். நீங்கள் பிரிந்தாலும் கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்து அப்படியே இருக்கும்.

போன வாரம், தங்கையோடு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை இரவு பத்து மணிக்குப் போன் செய்து அழுதார். அழுது முடிக்கும் வரை காத்திருந்து, நகை ரசீது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் சொன்னேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை காலை அவரோடு போகிறேன். நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதையும் எடுத்துப் போகிறேன்.