உராய்வு எதிரியா?

இயக்கம் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. நியூட்டன் விதிகளை விளக்கிய விதம் நான்காம் படிவம் படிக்கும் என் மகளுக்கும் புரிந்தது. ஆனால் அதில் வரும் "உராய்வு இயக்கத்தின் எதிரி" என்ற வரிதான் உறுத்துகிறது.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். மழைக்காலத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி செம்மண் பாதையில் சிக்கிக்கொள்வது இங்கே வாடிக்கை. ஓட்டுநர் மிதிக்க மிதிக்க டயர் அதே இடத்தில் சுற்றிச் சேற்றை வாரி இறைக்கும். பின்னால் நிற்பவர் சட்டை போச்சு! அப்புறம் நாலு பேர் காய்ந்த மட்டைகளை டயருக்கு அடியில் திணிப்பார்கள். கிளட்சை மெதுவாக விட்டால் லோரி மேலே ஏறிவிடும். அங்கே கூடியது உராய்வுதானே? டயர் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை டயரை முன்னால் தள்ளுகிறது. அந்தப் பிடி இல்லாமல் எந்த எஞ்சினும் வண்டியை நகர்த்தாது. வழுக்கிச் சுழலும் டயருக்குக் கிடைப்பது இயக்க உராய்வு. அது பெரும்பாலும், டயர் வழுக்காமல் தரையைப் பிடித்திருக்கும்போது கிடைக்கக்கூடிய நிலை உராய்வைவிடக் குறைவு. அதனால்தான் 'மெதுவா, மெதுவா' என்று கத்துகிறோம். அதே லோரியின் அச்சுக்குக் கிரீஸ் தடவி உராய்வைக் குறைப்பதும் நாங்கள்தான்.

இன்னொன்று. பிரேக் பற்றி எழுதியபோது, வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும் என்பதைச் சேர்த்திருக்கலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் பிடித்தபின் 6 மீட்டரில் நிற்கும் மோட்டார் சைக்கிள், 60-இல் சுமார் 24 மீட்டர் கேட்கும். அதுவும் காய்ந்த தாரில். எங்கள் சேற்றில் இன்னும் அதிகம்.